கன்னி மூலை மாடம்

ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போகிறது. அடுத்தடுத்து எத்தனை குடம் ஊற்றினாலும் போகிறது. மழை பெய்தால் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

எங்கள் சத்திரத்து முற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து இந்த ஒரு கேள்வி என் தலையைத் தின்றுகொண்டிருந்தது. குழாய் அடைத்திருந்தால் குடத்துத் தண்ணீரும் நிற்க வேண்டும். அடைக்கவில்லை என்றால் மழைத் தண்ணீரும் போக வேண்டும். இரண்டில் ஒன்றுதானே நடக்க முடியும்? எங்கள் முற்றத்தில் இரண்டும் நடந்தன.

சத்திரம் கல்லலிலிருந்து தேவகோட்டை போகிற சாலையில், எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இருக்கிறது. பஸ் இல்லாத காலத்தில் நடந்து போகிறவர்களும் வண்டிக்காரர்களும் ஒரு பொழுது தங்கிப் போவதற்காகக் கட்டியது. ஊர்ப் பொதுச் சொத்து. பூட்டிக் கிடந்ததை நானும் என் வீட்டுக்காரர் அருள்பாண்டியும் குத்தகைக்கு எடுத்து, பழுது பார்த்து, இந்த ஆவணியில்தான் தங்கும் விடுதியாகத் திறந்தோம். மொத்தமே நாலு அறை.

கட்டடம் சிறியதுதான், ஆனால் ஒரு நல்ல இயந்திரம் மாதிரி வேலை செய்யும். நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் தாழ்வாரம், அதற்கப்பால் அறைகள். நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்பக்கமாகச் சரிந்திருக்கும். அதனால் கூரையில் விழும் மழை சாலைக்குப் போகாது, மொத்தமும் முற்றத்தில் கொட்டும். மழையை யாராவது வீட்டுக்குள் அழைப்பார்களா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் அழைப்பார்கள். வருஷத்தில் சில வாரம் பெய்கிற மழை. அதை வெளியே விட மனசு வராது.

முற்றம் தாழ்வாரத்தைவிட ஒரு படி பள்ளம். அதன் தென்மேற்கில், கன்னி மூலை என்போமே அங்கே, ஒரு கருங்கல் பலகை. சல்லடை மாதிரி ஓட்டைகள் போட்டிருக்கும். தண்ணீர் அதன் வழியே இறங்கித் தரைக்கு அடியில் இருக்கும் ஒரு தொட்டியில் விழும். மண்ணும் சருகும் அங்கே தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் சுட்ட மண் குழாய் வழியாகப் பின்பக்கத்து ஊருணிக்குப் போகும். வண்டி மாடுகள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். வெயில் காலத்தில் இதே முற்றம் வேறு வேலை பார்க்கும். சூடான காற்று அதன் வழியே மேலே ஏறிப் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப, தரையை ஒட்டிய சன்னல்கள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். சித்திரை நடுப்பகலிலும் விசிறி இல்லாமல் உட்காரலாம்.

இதையெல்லாம் நான் வருகிறவர்களுக்கு ஆசையாக விளக்குவேன். பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைஃபை பாஸ்வேர்டு என்ன என்பார்கள்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த அன்று, சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருந்தது. முற்றம் நிரம்பித் தாழ்வாரம் ஏறி அறைகளுக்குள் நுழைந்துவிட்டது. அவர்களுடைய செருப்புகள் மிதந்துபோய் எதிர் அறையில் கரை சேர்ந்தன. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கூகுளில் எழுதினார்கள்: ‘முற்றத்தில் நீச்சல் குளம் உண்டு. முன்பே சொல்லியிருந்தால் அதற்கேற்ற உடை கொண்டுவந்திருப்போம்.’

அருள்பாண்டி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்காக” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாழ்வாரத்துத் தேக்குத் தூண்கள் கல் பீடத்தின்மேல் நிற்கின்றன. தண்ணீர் பீடம்வரைக்கும் வந்தால் கவலையில்லை, கல் தாங்கும். பீடத்துக்கு மேல் ஏறினால் மரத்தின் பாதம் ஊறும். ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து, கடைசியில் கூரையே இறங்கிவிடும்.

கல்லலிலிருந்து பிளம்பர் கார்த்திகேயனை வரவழைத்தேன். அவன் நீளக் கம்பியைக் கல்லுக்குள் விட்டுத் தொட்டிவரை குத்தினான். தொட்டியின் மூடியைத் திறந்து ஊருணி வரைக்கும் இன்னொரு கம்பி விட்டான். எங்கும் தடையில்லை. மூடியை அழுத்தமாகப் பொருத்தி ஓரமெல்லாம் சுண்ணாம்பு பூசினான். பிறகு வாளி வாளியாக ஊற்றினான். தண்ணீர் ஓடியே போயிற்று.

“அக்கா, லைன் கிளியர். லைன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“பெறகு ஏன்டா மழைக்கு நிக்கிது?”

அவன் வானத்தைப் பார்த்தான். “மழை தப்பாப் பெய்யுதோ என்னமோ.”

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மோட்டார் வைத்து இறைக்கச் சொன்னார் ஒருவர். முற்றத்தை மண் போட்டு மேடாக்கச் சொன்னார் இன்னொருவர். தண்ணீரைக் கொண்டுபோய் எங்கே விடுவது என்று கேட்டால் இருவரும் வேறு பேச்சுக்குப் போனார்கள். இவர்களையாவது டீ கொடுத்து அனுப்பிவிடலாம். முத்துராமலிங்கம் மாமாவை அப்படி அனுப்ப முடியாது. அவர் ஊர்க் கமிட்டித் தலைவர். என் மாமனாரின் தம்பியும்கூட.

“ஏத்தா செந்தாமரை, இதுக்குப் போயி என்னத்துக்கு இம்புட்டு யோசன? மேல ஷீட்டப் போட்டு அடைச்சுட்டா மழை எங்குட்டு வரும்?”

“கூரைத் தண்ணி எங்குட்டு மாமா போகும்?”

“வெளிய தகரத்துல வழியவிட்டாப் போச்சு.”

“சட்டத்த நிறுத்தணும்னா தேக்குல ஓட்ட போட்டு போல்ட்டு அடிக்கணும். உள்ள இருட்டடைச்சுப் போகும். வெக்கையில தங்க வந்தவுக அவிஞ்சு போவாகளே மாமா.”

“ஏசிய மாட்டு. கொத்தமங்கலத்துல எம்புட்டுப் பெரிய வீட்டுலயே ஷீட்டு போட்டுட்டாக. நம்மது சத்திரம். வண்டி மாடு நின்ன எடம். கமிட்டில முடிவு பண்ணியாச்சு.”

“கமிட்டில என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?”

“கேட்டா நீ வெளக்கம் சொல்லுவத்தா. பொழுது அடைஞ்சிரும்.”

அடுத்த நாளே காரைக்குடியிலிருந்து பச்சை ஃபைபர் ஷீட்டுகள் வந்து இறங்கின. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் வேலை என்று மாமா சொல்லி அனுப்பினார். ஷீட்டுகளை வாசல் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவை என் முகத்தில்தான் முழித்தன. அந்த முற்றத்துக்காகத்தான் நான் இந்தச் சத்திரத்தையே எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அடியோடு நிற்கவில்லை. கொஞ்சம் இறங்கும். உடனே ஒரு பெரிய குமிழி மேலே வந்து உடையும். மறுபடி கொஞ்சம் இறங்கும். மறுபடி குமிழி. குடுக், குடுக் என்று சத்தம் வேறு.

தாழ்வாரத்திலிருந்து அருள்பாண்டி, “மாடு தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்குல்ல?” என்றார்.

“இம்புட்டு மெதுவாக் குடிக்கிற மாட்ட நான் பாத்ததில்ல.”

“சீக்கு மாடு.”

நான் குடையோடு உள்ளே போய்விட்டேன். நின்றிருந்தால் சண்டையாகியிருக்கும்.

புதன்கிழமை காலை சமையல்கட்டில் நல்லெண்ணெயைத் தகர டின்னிலிருந்து பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பாட்டிலின் வாய் குறுகல், புனல் அதில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டது. புனல் நிறைய எண்ணெய் ஊற்றியதும் எண்ணெய் அப்படியே நின்றது. குடுக் என்று ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் இறங்கியது. மறுபடி குடுக்.

இதற்கு எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். புது விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் துடைத்து, புனலுக்கும் பாட்டில் வாய்க்கும் நடுவில் செருகினேன். எண்ணெய் சர்ரென்று இறங்கியது.

டின்னைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டேன்.

பாட்டில் காலியாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது காலி இல்லை, காற்றால் நிறைந்திருக்கிறது. எண்ணெய் உள்ளே போக வேண்டுமானால் அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால் எண்ணெய் புனலின் ஓரமாக வழியும், காற்று நடுவில் ஏறி வந்துவிடும். நிறைய ஊற்றினால் எண்ணெயே மூடியாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்று மாட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு, நீ கொஞ்சம் நான் கொஞ்சம் என்று மாறி மாறிப் போகின்றன. அந்தச் சண்டையின் சத்தம்தான் குடுக். ஈர்க்குச்சி செய்வது ஒன்றே ஒன்று. புனலை ஓரமாகச் சற்றுத் தூக்கி, காற்றுக்குத் தனி வாசல் திறந்துவிடுகிறது.

முற்றத்துக் கல்தான் புனல். தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிதான் பாட்டில். வாளியில் ஊற்றும்போது தண்ணீர் கல்லின் சில ஓட்டைகளில் இறங்கும், மற்ற ஓட்டைகளில் காற்று வெளியே வந்துவிடும். பெருமழையில் எல்லா ஓட்டைகளும் தண்ணீருக்கு அடியில். ஊருணிப் பக்கம் போய்க் காற்று தப்பிக்கலாம் என்றால், மழைக்காலத்தில் ஊருணி ஏறிக் குழாயின் வாய் மூழ்கியிருக்கும். முன்வாசலும் பின்வாசலும் அடைபட்ட வீடு மாதிரி.

ஆனால் இதே சத்திரம் எத்தனையோ அடைமழையைப் பார்த்திருக்கிறது. அப்போதெல்லாம் இப்படி நின்றிருந்தால் தூண்கள் இந்நேரம் இருந்திருக்காது. ஆக, கட்டியவர் காற்றுக்கு மூன்றாவது வாசல் ஒன்று வைத்திருக்க வேண்டும். அது எங்கே?

தொட்டி தென்மேற்கு மூலையில், தாழ்வாரத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். முற்றத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் விளக்கு மாடங்கள். எல்லா மாடத்தின் உள்பக்கமும் பழைய சுண்ணாம்புப் பூச்சு, முட்டை ஓடு மாதிரி வழவழப்பு. தென்மேற்கு மாடத்தின் உள்பக்கம் மட்டும் சாம்பல் நிறம். கை வைத்தால் சொரசொரவென்றிருந்தது.

சிமெண்ட்.

இந்தக் கட்டடத்தில் ஒரு கரண்டி சிமெண்ட்கூடப் படக்கூடாது என்று பழுது பார்த்த நாட்கள் முழுக்கக் கொத்தனார்களுடன் மல்லுக்கு நின்றவள் நான்.

“ஏங்க! இங்குட்டு வாங்க. இந்த மாடத்துல சிமெண்டு பூசுனது யாரு?”

அருள்பாண்டி வந்து மாடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பிடரியைச் சொறிந்தார். அவர் பிடரியைச் சொறிந்தால் விஷயம் அவருக்குத் தெரியும் என்று அர்த்தம்.

“பால் காய்ச்சுன அன்னைக்கி எல்லா மாடத்துலயும் வெளக்கு வச்சோம்ல. இதுல மட்டும் நிக்கல. ஏத்த ஏத்த அணைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கன்னி மூலை வேற. சனம் ஒண்ணையொண்ணு பாத்துக்கிருச்சு. முத்துராமலிங்கம் சித்தப்பாவுக்குப் பொறுக்கல. பின்னாடி எலி வங்கு இருக்கு, அதுலதான் காத்து வருதுன்னு சொல்லி, சாப்பிட வந்த கொத்தனாரக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லிட்டாரு. பெறகு வெளக்கு நின்னுருச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்ல?”

“நீ பாயசத்துல இருந்த.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எங்கள் பக்கத்தில் புதுக் கட்டடமோ பழுது பார்த்த கட்டடமோ, குடி புகும் நாளில் கன்னி மூலை விளக்கு நின்று எரிய வேண்டும். அணைந்தால் அந்தக் கட்டடம் விளங்காது என்பார்கள். ஆவணியில் ஊருணி வற்றிக் கிடந்தது. குழாயின் வாய் திறந்திருந்தது. மேல்காற்று அதில் புகுந்து, குளிர்ந்து, தொட்டிக்கு வந்து, அந்த ஓட்டை வழியே மாடத்துக்கு ஏறியிருக்கிறது. விளக்கு எப்படி நிற்கும்? பழுது பார்த்த மாதங்களில் கொத்தனார்கள் சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்ததும் இந்த மூலையில்தான். இங்குட்டுத்தான் குளுகுளுன்னு இருக்கு என்பார்கள். சுவர்களின் கனம் என்று நினைத்து நானும் நாலு பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் ஏறிவிட்டது.

“கன்னி மூலையில ஓட்டையத் தொறக்குறதா? வெளக்கு அணைஞ்சா ஊரு என்னத்தச் சொல்லும்? பேசாம இருத்தா. நாளக்கழிச்சு ஷீட்டு ஏறிரும், எல்லாஞ் சரியாயிரும்.”

“நாளைக்கி ஒரு எட்டு வந்து பாருங்க மாமா. நான் சொல்றது பொய்யாப் போனா ஷீட்டு ஏத்த நானே ஏணியப் பிடிக்கிறேன்.”

“பிடிப்பியா?”

“பிடிக்கிறேன்.”

வியாழக்கிழமை வெயில் அடித்தது. மழைக்குப் பதிலாக ஊர்த் தண்ணீர் டிராக்டரை வரவழைத்து, டேங்க்கின் தடித்த குழாயை முற்றத்தில் போட்டோம். மாமா வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். கார்த்திகேயன் உளியும் சுத்தியலுமாக மாடத்தருகே நின்றான். டிராக்டர்க்காரரிடம் குழாயை முழுசாகத் திறந்துவிடச் சொன்னேன்.

கல் மூழ்கியது. தண்ணீர் படிக்கு ஏறியது. குடுக் என்றது.

“நிக்கிதுல்ல?” என்றார் மாமா. அவர் குரலில் சந்தோஷம். “ஏப்பா அருளு, ஷீட்டுக்காரவுகளுக்குப் போனப் போடு. இன்னைக்கே வந்தாலும் வரட்டும்.”

“கொஞ்சம் பொறுங்க மாமா. கார்த்தி, அடி.”

நாலைந்து அடியில் சிமெண்ட் விரிசல் விட்டது. இன்னும் ஓர் அடி. உள்ளே ஏதோ உடைந்து விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான், புஸ்ஸென்று காற்று பீறிட்டது. மாடத்திலிருந்த தூசியும் சிமெண்ட் பொடியும் கார்த்திகேயன் முகத்தில் அப்பின. அவன் தும்மிக்கொண்டே பின்வாங்கினான். மாமா எழுந்து போய் மாடத்தைக் குனிந்து பார்த்தார். துண்டின் நுனி காற்றில் ஆடியது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து ஓட்டைக்கு நேராகப் பிடித்தார். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

“பாத்தியா! பாத்தியாத்தா! அணைஞ்சிருச்சு! நான் அன்னைக்கே சொன்னேன்ல!”

“மாமா, திரும்பிப் பாருங்க.”

“என்னத்தப் பாக்க?”

“முத்தத்த.”

அவர் திரும்பினார். டேங்க்கிலிருந்து இன்னும் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முற்றத்தில் தண்ணீர் படியை விட்டு இறங்கியிருந்தது. கல்லின்மேல் சுழி விழுந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்த டிராக்டர்க்காரர், “ஊருணியில குபுகுபுன்னு வருது!” என்று அங்கிருந்தே கத்தினார்.

கரிந்த தீக்குச்சி இன்னும் மாமா விரலில் இருந்தது. முற்றத்தைப் பார்த்தார், மாடத்தைப் பார்த்தார், மறுபடி முற்றத்தைப் பார்த்தார்.

“தண்ணி போகுது. சரி. ஒத்துக்கிறேன். வெளக்கு?”

“இந்த மாடத்துல மட்டும் வெளக்கு வேணாமே மாமா. பக்கத்துல வைப்போம்.”

“கன்னி மூலைய நீ பக்கத்துக்கு நகத்துவியா? கார்த்திகத் தீபம் வருது. ஊரே வந்து பாக்கும். கன்னி மூலை இருட்டாக் கெடந்தா, முத்துராமலிங்கம் ஊர்ச் சத்திரத்த வெளங்காமப் பண்ணிட்டான்னு சொல்லுவாக. வெளக்கு நிக்கலைன்னா ஷீட்டு ஏறும். ஓட்டைய நானே அடைப்பேன்.”

எனக்கு வந்த எரிச்சலில் அந்த ஷீட்டு ஒன்றைத் தூக்கி ஊருணியில் எறிந்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. மாடம் விளக்குக்குத்தானே? கட்டியவர் காற்றுக்கும் விளக்குக்கும் ஒரே இடத்தைக் கொடுத்துவிட்டார். தண்ணீரும் காற்றும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இங்கே காற்றும் தீயும் முட்டிக்கொள்கின்றன. வைத்தியம் அதேதான்.

“கார்த்தி, ஒங்கிட்ட ஒன்றரை இஞ்சு பைப்பு இருக்கா? எல்போ?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான், “வண்டில கெடக்கு அக்கா. ஆனா அது பிளாஸ்டிக்கு. நீங்கதான் இந்தச் செவத்துல பிளாஸ்டிக்கே படக்கூடாதும்பீகளே.”

“தெரியும்டா. எடுத்துட்டு வா.”

அருள்பாண்டி வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

மாமா நாற்காலியைக் கன்னி மூலைக்கு எதிரே இழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஊருணியில் குழாயின் வாய் மூழ்காத பருவத்தில் காற்று வரும், மழையில் காற்று போகும், இரண்டுக்கும் ஒரே குழாய் போதும் என்று அவருக்கு விளக்கினேன். முதன்முறையாக இடையில் பேசாமல் கேட்டார். குழாயைப் பதித்து முடித்ததும் டேங்க்கில் மிச்சமிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, அவரே மாடத்தில் அகல் ஏற்றினார். தண்ணீர் இறங்கியது. சுடர் லேசாகக்கூட அசையவில்லை.

“ஷீட்ட என்ன மாமா பண்றது?”

“எம் மாட்டுக் கொட்டம் ஒழுகுது” என்றார்.

இனி இந்தப் பக்கத்தில் வேறு யாருக்காவது இதே தொல்லை இருந்தால், நாங்கள் செய்தது இவ்வளவுதான். மாடத்து ஓட்டையை அடைத்திருந்த சிமெண்டைத் தட்டி எடுத்தோம். அதில் ஒன்றரை இஞ்ச் குழாயைச் செருகி, எல்போ வைத்து வளைத்து, சுவரோரமாக ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றித் திறந்துவிட்டோம். எலி நுழையாமல் வாயில் கம்பி வலை கட்டினோம். குழாயைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினோம். காற்று மேலே போகிறது. விளக்கு கீழே எரிகிறது. மழை ஊருணிக்குப் போகிறது.